நூற்று முப்பத்திரண்டு போத்தல்

"ஹலோ... ஹலோ... ஓம், வதனிதான்... ஓம் பாஸ்டர், ஓம், ஓம்... மெதுவாச் சொல்லுங்க, கடல் இரையிற சத்தம்தான் கேக்குது, உங்கட சத்தம் கேக்கல்ல... பையா?... எந்தப் பை?... நீலப் பையா? இழுத்து மூடுற சிப் போட்ட நீலப் பையா?... அதுக்குள்ள என்ன பாஸ்டர் இரிக்கு?"

அதற்குள் என்ன இருக்கிறதென்று வதனிக்கு நன்றாகவே தெரியும். அவுஸ்திரேலியாவிலிருந்து ஊழியம் செய்ய வந்த பதினொரு இளம் பிள்ளைகளின் பதினொரு பாஸ்போட். பத்து நாளைக்கு முன் பாஸ்டர் வினாயகமூர்த்திதான் அந்தப் பையைக் கொண்டுவந்து, அவள் வீட்டுச் சுவரில் வசனக் கலண்டருக்குக் கீழே ஆணியில் கொழுவிவிட்டுப் போனார். சபைக் கட்டடத்துக்குப் பூட்டு இல்லை. வதனி வீட்டுக்குப் பூட்டும் உண்டு, வதனியும் உண்டு என்று நினைத்திருப்பார். இன்று விடியற்காலையில் பதினொரு பேரும் வாசலில் நின்று பாட்டுப் பாடி, கட்டிப்பிடித்து, அழுது, மறுபடியும் கட்டிப்பிடித்து, வேனில் ஏறிப் போனார்கள். ஆணியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது வேன் பாசிக்குடாவில் நிற்கிறது. பிள்ளைகள் கடலில் குளிக்கிறார்கள். பாஸ்டர் குளிக்காமலே நனைந்துபோய் நிற்கிறார், வியர்வையில்.

"ஆ, பாஸ்போட்டா!... கடவுளே... பதினொண்டுமா?... அப்ப பிளேன் ஏற விடமாட்டாங்களே... ஓம்... ஓம்... பொறுங்க, பொறுங்க, பாக்கிறன்."

அவள் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வெறும் ஆணிதான் இருந்தது. வேன் போய் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஆற்றிலிருந்து திரும்பி வந்த அவள் புருசன் ஜெயரூபன் பையைக் கண்டுவிட்டான். கழுத்தில் மாட்டிக்கொண்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல், மோட்டார் சைக்கிளை உதைத்துப் பாசிக்குடாப் பக்கம் போய்விட்டான். வீட்டில் இருப்பது ஒரே போன். அதையும் விட்டுவிட்டுப் போனான். இன்னும் அரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்வான். சேர்ந்ததும் பையை இரண்டு கையாலும் நீட்டுவான், சிரிப்பான், கவனமாகப் போங்கள் என்று சொல்லி வழியனுப்பிவிட்டு வருவான். அவன் அப்படிப்பட்ட ஆள். கோழி தன் சோற்றைக் கொத்தினாலும் அது தின்று முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிற மனிசன். ஆகையால் வதனியின் கையில் இருந்தது இல்லாத ஒரு பையும் அரை மணித்தியாலமும்தான். அதற்குள் அவளுக்கு ஒரு காரியம் ஆகவேண்டும்.

"பை இரிக்கும் பாஸ்டர், அது எங்க போகப்போகுது... தேடோணும். நான் இப்ப பை தேடுற நிலமையில இல்ல... ஏனா? ஏன் எண்டா கேக்கிறீங்க?... நான் வேற ஒண்டு தேடிக்கொண்டு இரிக்கன்... வலை பாஸ்டர், வலை. எங்கட நண்டு வலை. பதினாலு வலை. ஆத்துக்கு அடியில எங்கயோ கிடக்கு. நேத்துப் பின்னேரம் வரைக்கும் எங்க கிடக்கு எண்டு தெரியும். உங்கட புள்ளைகள் ஆத்தச் சுத்தமாக்கின நேரத்தில இருந்து தெரியாது."

அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு பதில் வந்தது. வதனி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம்... ஓம்... குப்பை பொறுக்கினது நல்ல காரியம்தான், ஆர் இல்ல எண்ட?... ஓம், நூத்தி முப்பத்திரண்டு போத்தல். நானும் பேஸ்புக்கில பாத்தன். 'வாவிக்கு விடுதலை' எண்டு போட்டிரிக்கீங்க. பின்னுக்குப் பாட்டும் போட்டு... ஓம், ஓம், கன பேர் விரும்பியிரிக்காங்க, அதையும் பாத்தன்... பாஸ்டர், ஒண்டு கேக்கிறன். அந்த நூத்தி முப்பத்திரண்டில எத்தின போத்தல் கயித்தோட இருந்திச்சு?... எல்லாமா?... அப்ப உங்களுக்கு ஒண்டும் தோணல்லையா? குப்பைய ஆர் பாஸ்டர் கயிறு கட்டி, கயித்துக்கு முடிச்சும் போட்டு, பக்குவமா மிதக்க விடுவான்?"

வதனியின் ஊர் இருக்கும் படுவான்கரைப் பக்கத்தில் வாவி என்று பேஸ்புக்கில்தான் எழுதுவார்கள். வாயால் சொல்வது ஆறு என்றுதான். தோணியில் போய் நண்டு வலையை ஆற்றின் அடியில் இறக்குவார்கள். வலையின் தலைப்பிலிருந்து ஒரு கயிறு மேலே வரும். கயிற்றின் நுனியில் ஒரு வெறும் போத்தல் மிதக்கும். போத்தல் எங்கே மிதக்கிறதோ அங்கே வலை கிடக்கிறது. விடிய வந்து போத்தலைப் பிடித்து வலையைத் தூக்கி, நண்டை எடுத்துக்கொண்டு அங்கேயே திரும்ப இறக்குவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஜெயரூபனுடையது பச்சைச் சோடாப் போத்தல், கழுத்தில் சிவப்புச் சீலைத் துண்டு. அந்தத் துண்டு வதனியின் பழைய சட்டையில் கிழித்தது. நேற்றுப் பின்னேரம் பதினொரு பிள்ளைகளும் ஒரு ஹோட்டலில் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் படகுகளில் ஏறி, கையுறை மாட்டி, கத்தரிக்கோலும் கையுமாக ஆற்றில் இறங்கினார்கள். கண்ட போத்தலையெல்லாம் அறுத்தார்கள். அறுத்த ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்துப் பல்லைக் காட்டிப் படம் எடுத்தார்கள். பிறகு சாக்கில் போட்டார்கள்.

"அவங்களுக்குத் தெரியாது, சரி. சின்னப் புள்ளைகள். அவங்கட ஊர்ல போத்தல் மிதந்தா அது குப்பைதான். உங்களுக்கு என்ன வந்த?... நீங்க கரையில நிண்டுதானே வீடியோ எடுத்த?... ஓம், நீங்க வெல்லாவெளி வட்டைக்குள்ள பிறந்து வளந்த ஆள், வயலத் தவிர வேற ஒண்டும் தெரியாது, ஒத்துக்கொள்றன். நாலு பேர் எதிர்க்கரையில நிண்டு குளறினாங்களே, அதும் கேக்கல்லையா? அறுக்காதீங்க, அறுக்காதீங்க எண்டு தொண்டை கிழியக் குளறியிரிக்காங்க... என்ன?... கை காட்டினாங்களா?... வாழ்த்துறாங்க எண்டு நினைச்சீங்களா?... அதையா புள்ளைகளுக்குச் சொன்ன? ஊர்ச்சனம் சந்தோசத்தில கத்துது எண்டு?... அதுதான் அவங்களும் திருப்பிக் கை காட்டிக் காட்டி அறுத்திரிக்காங்க!"

வதனிக்குச் சிரிப்பும் வந்தது, அந்தச் சிரிப்பின் மேல் கோபமும் வந்தது. இந்தப் பிள்ளைகளுக்காகப் பத்து நாள் அடுப்படியில் நின்றவள் அவள். முதல் நாள் அவர்கள் சிறுவர்களுக்குப் பல்லுத் தீட்டப் பழக்கினார்கள். ஏற்கெனவே இரண்டு வேளை பல்லுத் தீட்டுகிற பிள்ளைகள், வெள்ளைக்காரப் பிள்ளைகளின் மனம் நோகக்கூடாதென்று மூன்றாம் தரமும் தீட்டின. மறுநாள் சபைச் சுவருக்கு நீல வர்ணம் பூசினார்கள். போன வருசம் வந்த குழு அதற்கு மஞ்சள் பூசியிருந்தது. அதற்கு முந்திய வருசம் பச்சை. சுவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. வதனியும் சொல்லவில்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். சாப்பிட்ட கோப்பையைத் தாங்களே கழுவி வைத்தார்கள். அந்தக் கோப்பையில் அவர்கள் சாப்பிட்டது என்ன என்பதுதான் இப்போது அவளுக்கு நெஞ்சில் குத்தியது.

"பத்து நாளா ஆர்ர நண்ட பாஸ்டர் திண்டாங்க? உறைப்புப் போடாம, தேங்காய்ப்பால் விட்டு ஆக்கித் தாங்க வதனி எண்டு நீங்கதானே சொன்ன... நல்ல ருசி எண்டு விரலச் சூப்பிச் சூப்பித் திண்டாங்களே, அந்த நண்டு என்ன வானத்தில இருந்தா விழுந்த?... அந்த வலையாலதான் வந்த. அந்த வலைக்கு இருந்து ஈயம் கோத்தது நான். ரெண்டு மாசம் கோத்தன். விரலப் பாருங்க, இன்னும்... சரி, உங்களுக்குத் தெரியாது, போன்ல எங்க தெரியப்போகுது."

வதனி போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவருக்கு நேத்துப் பொழுதுபடவே தெரியும், பாஸ்டர். உங்கட பிரியாவிடைக் கூட்டத்துக்கு வந்தவர் சாக்குக்குள்ள தன்ட போத்தலக் கண்டிரிக்கார். சிவப்புச் சீலையோட. கண்டும் வாயத் திறக்கல்ல. புள்ளைகள் அழுதுகொண்டு நிக்காங்க, இந்த நேரத்தில சொல்லிற எப்பிடி எண்டு நினைச்சாராம். எனக்கும் சொல்லல்ல. வெள்ளன எழும்பிப் போய் ஆத்துக்குள்ள கொழுக்கி போட்டுத் துழாவிற்று வெறுங்கையோட வந்துதான் சொன்ன... அவர் இப்ப எங்கயா?... வெளிய போயிற்றார்."

இது பொய் இல்லை. வெளியேதான் போயிருந்தான்.

"ஓம், ஓம், அவசரம் விளங்குது பாஸ்டர். எனக்கும் அவசரம்தான். உங்களுக்கு நடுச்சாமத்துக்குப் பிளேன். எனக்கு இண்டைக்குப் பின்னேரம் முகத்துவாரம்... தெரியாதா? மழைத் தண்ணி ஏறி வயலெல்லாம் மூடிக் கிடக்கெண்டு பின்னேரம் முகத்துவாரத்து மண் திட்ட வெட்டப்போறாங்க. வெட்டினா என்ன நடக்கும் எண்டாவது தெரியுமா?... ஆ, வயல் தப்பும், அது தெரியும் உங்களுக்கு. ஆறு முழுக்கக் கடலுக்கு இழுக்கும் பாஸ்டர். அடியில அநாதையாக் கிடக்கிற வலையெல்லாம் சுருண்டு கடலுக்குப் போகும். எங்கட பதினாலு மட்டும் இல்ல, மத்த வீட்டாக்கள்ர வலையும் போகும். பின்னேரத்துக்கு முன்னம் எடுத்தாத்தான் வலை. எடுக்காட்டி இந்தப் பருவம் முழுக்க நாங்க ஆத்தப் பாத்துக்கொண்டு கரையில குந்தியிரிக்க வேண்டியதுதான்."

இப்போது அந்தப் பக்கம் குரல் குழைந்தது. குழைந்த குரலில் பாஸ்டர் பேசினால் அடுத்ததாக ஜெபம் வரும் என்பது வதனிக்குப் பழக்கம்.

"இல்ல, இல்ல, பொறுங்க, ஜெபத்தப் பிறகு பண்ணுவம். கண்ண மூடாதீங்க பாஸ்டர், நான் சொல்லி முடிக்கல்ல... எனக்கு வேண்டியது படம். புள்ளைகள் போத்தல அறுத்த இடத்தில எல்லாம் படம் எடுத்தாங்களே, அந்தப் படம்... ஓம், எல்லாம். ஒண்டும் விடாம. படத்தில பின்னுக்கு என்ன தெரியுது எண்டு பாத்தா, பாலமா, கோயில் கோபுரமா, எந்தக் கரைத் தென்னையெண்டு பாத்தா, எங்கட ஆக்கள் இடத்தச் சொல்லிப்போடுவாங்க. ஆத்துக்குள்ள அவங்களுக்கு விலாசம் அதுதான்... அவுஸ்திரேலியா போய் அனுப்பிறயா? அங்க போய் அனுப்பினா கடலுக்குள்ளயா பாக்கிற? இப்ப அனுப்பச் சொல்லுங்க. படம் வந்து சேரட்டும், நான் பையப் பத்திக் கதைக்கிறன்... என்ன, பயமுறுத்துறனா? நானா? நான் உங்கட சபையில கடைசி வாங்கில இருந்து கைதட்டிற ஆள் பாஸ்டர், நான் ஆரப் பயமுறுத்த?"

சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் போய்விட்டிருந்தது. ஜெயரூபன் இந்நேரம் சித்தாண்டி தாண்டியிருப்பான். வழியில் ஆராவது மறித்துக் கதை கொடுத்தால் நின்று கதைக்கிற ஆள் அவன். இன்றைக்கு ஆராவது மறித்துத் தொலைக்கட்டுமே என்று வதனி முதல் தடவையாக ஆசைப்பட்டாள்.

"என்ன?... குளிக்கிறாங்களா? கூப்பிடுங்க. கரைக்குக் கூப்பிட்டு, போன ஸ்பீக்கர்ல போடுங்க. நான் தமிழ்ல சொல்றன், நீங்க இங்கிலீசில சொல்லுங்க. ஒரு சொல்லும் விடாமச் சொல்லோணும்... வந்திட்டாங்களா?... எல்லாருமா?... சரி. பிள்ளையள், வதனி அன்ரி கதைக்கிறன். நீங்க நேத்து அறுத்தது குப்பை இல்ல. எங்கட வலைர அடையாளம். அடையாளம் போனதில வலை ஆத்துக்கு அடியில காணாமப் போயிற்று. இப்ப எங்கட வயித்தில மண் விழப்போகுது. நீங்க எடுத்த படத்த எல்லாம் உடன அனுப்புங்க. அவ்வளவுதான். சொல்லுங்க பாஸ்டர்."

பாஸ்டர் மொழிபெயர்த்தார். வதனி சொன்னது நீளம். அவர் சொன்னது அதைவிட நீளம், அதோடு இனிப்பாகவும் இருந்தது. அவர் முடித்ததும் போனுக்குள் படபடவென்று ஒரு சத்தம் எழும்பியது. வதனி ஒரு கணம் மழைதான் பெய்கிறதென்று நினைத்தாள்.

"என்ன சத்தம் அது?... கைதட்டுறாங்களா? ஏன் கைதட்டுறாங்க?... 'லவ் யூ அன்ரி'யா? வயித்தில மண் விழப்போகுது எண்டு சொன்னதுக்கு லவ் யூவா?... பாஸ்டர், நீங்க என்ன சொன்ன?... என்ன சொன்ன எண்டு கேக்கிறன்... ஆ... நான் நன்றி சொன்னனா?... வாவியச் சுத்தமாக்கினதுக்கு ஊர் சார்பில நன்றி சொல்லி, ஞாபகத்துக்குப் படம் கேட்டனா?... மனம் நோகக்கூடாதா? ஆர்ர மனம்?... பாஸ்டர், உங்கட வாய்க்குள்ள போற தமிழ் எல்லாம் சீனியாத்தான் வெளிய வருது!"

வதனி எழுந்தாள். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலப் பாடத்தில் அவள் சித்தியடைந்தவள். அதற்குப் பிறகு அந்த ஆங்கிலம் இத்தனை வருசமாகப் பெட்டிக்குள் கிடந்தது. பத்து நாளும் பிள்ளைகளோடு சிரிப்பாலும் கையாலும்தான் கதைத்தாள். பிழையாகக் கதைத்தால் சிரிப்பார்கள் என்ற வெட்கம். இப்போது வெட்கத்தைத் தூக்கி அடுப்பில் போட்டாள்.

"ஸ்பீக்கர நிப்பாட்டாதீங்க! டெக்லன் எங்க? அந்த நெட்டையன்... டெக்லன்! லிசின். போத்தல், நோ குப்பை. அண்டர் போத்தல், நெட். மை ஹஸ்பண்ட் நெட். யூ ஈட் கிறாப், டென் டேஸ், நோ? தட் நெட்! யூ கட் ரோப். நெட் லொஸ்ட். டுடே ஈவினிங், வோட்டர் கோ சீ. நெட் கோ சீ. ஃபினிஷ். மை ஹஸ்பண்ட், நோ வேர்க். பீப்பிள் ஷவுட், நொட் ஹப்பி. பீப்பிள் ஷவுட், ஸ்டொப்! ஸ்டொப்! ஃபோட்டோ செண்ட் மீ. நவ்."

போனுக்குள் ஒருவரும் கைதட்டவில்லை. கடல் மட்டும் இரைந்தது. வதனிக்கு ஏசிவிட்டோமே என்ற கவலை ஒரு பக்கம்; தன் ஆங்கிலம் போய்ச் சேர்ந்துவிட்டதே என்ற பெருமை ஒரு பக்கம். பிறகு அங்கே ஒரு பெண்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பாஸ்டரின் குரல் அதன் மேல் ஏறி வந்தது, இம்முறை குழையாமல்.

"ஓம், அழட்டும்... நானும்தான் விடிய இருந்து அழுறன், எனக்கு ஆர் ஜெபம் பண்ணின?... ஊழியத்தக் கெடுத்திட்டனா? நானா?... அடுத்த வருசம் வரமாட்டாங்களா? வராட்டிச் சுவர் பாவம், நீல நிறத்தோடயே கிடக்கும்... புது வலையா? ஓ, வலை வழங்கும் விழா. வலையத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நாங்க வரிசையில நிண்டு படம் எடுக்கோணும், என்ன? வேணாம் பாஸ்டர். புதுசு வேணாம். எங்கட பழசக் காட்டித் தாங்க, அது போதும்."

டிங் என்றது போன். பிறகு இன்னொரு டிங். பிறகு விடாமல் டிங், டிங், டிங். வதனி பேச்சை நிறுத்திவிட்டுப் படங்களைத் திறந்தாள். முதல் படத்தில் ஒரு பெரிய முகம், அதில் முப்பத்திரண்டு பல். பக்கத்தில் ஒரு போத்தல். இரண்டாவது படத்தில் இரண்டு முகம், அறுபத்துநாலு பல். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஆற்றைக் காணவில்லை.

"பாஸ்டர்... படம் வருது. வருது, ஆனா தலைதான் வருது... தலை, தலை! படம் முழுக்க இவங்கட தலைதான் நிறைஞ்சு கிடக்கு. பின்னுக்கு ஒண்டும் தெரியல்ல. கோபுரத்த மறைச்சுக்கொண்டு ஒருத்தன் தொப்பி போட்டிரிக்கான்... இது, பொறுங்க, இதில பாலம் கொஞ்சம் தெரியுது. இது ஒண்டு. இதில ரெண்டு தென்னை... இது காணாது. அம்பது படத்துக்கு நாலு இடம்தான் சொல்லலாம் போல கிடக்கு. இவங்களே வந்து, இஞ்ச அறுத்தன், இவடத்த அறுத்தன் எண்டு கையால காட்டினாத்தான் உண்டு... ஓம், வரத்தான் சொல்றன். ஒண்டரை மணித்தியாலம். பிளேன் நடுச்சாமத்துக்குத்தானே?... நேரம் இல்லையா? பாசிக்குடாவில குளிக்க நேரம் இரிக்கு, ஓட்டமாவடியில சாமான் வாங்க நேரம் இரிக்கு, நேத்து நீங்கதானே வரிசையாச் சொன்ன... இதுக்கு மட்டும் நேரம் இல்லையா?"

அப்போது போனுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சைலன்சர் உடைந்த சத்தம். அந்தச் சத்தத்தை வதனி ஆயிரம் மோட்டார் சைக்கிளுக்குள்ளும் பிரித்து அறிவாள்.

"என்ன அல்லேலூயா?... ஆரு வந்திரிக்கிற?... ஓம்... ஓம், அவர்தான்... ஓம், பை அவர்ர கழுத்திலதான். எனக்குத் தெரியும்... தெரிஞ்சுதான் கதைச்சன், ஓம். ஏசுங்க... போன அவரிட்டக் குடுங்க பாஸ்டர். ஒரு நிமிசம். பாஸ்டர்! பாஸ்டர், போனக் குடுங்க அவரிட்ட!"

பாஸ்டர் கொடுக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே அவர் மணலில் ஓடுவது கேட்டது. வதனி கதிரையில் அமர்ந்தாள். எல்லாம் முடிந்தது. ஜெயரூபன் இந்நேரம் இரண்டு கையாலும் நீட்டியிருப்பான். பிள்ளைகள் கட்டிப்பிடித்திருப்பார்கள். ஆற்றையும் வலையையும் பற்றி ஒரு சொல், ஒரே ஒரு சொல் கேட்க அவனுக்கு வாய் வராது. கல்யாணம் கட்டிப் பன்னிரண்டு வருசத்தில் கடைக்காரன் அழுகின தக்காளி கொடுத்தால்கூடத் திருப்பிக் கொடுக்காமல் வாங்கி வருகிற மனிசனைக் கட்டிக்கொண்டு இவள் என்ன செய்ய? அவன் மேல் அவளுக்கு வந்த கோபத்தில் பாஸ்டர் மேல் வந்த கோபம் கூட மறந்துபோயிற்று.

"சரி பாஸ்டர்... கிடைச்சிற்றுத்தானே. சந்தோசம். போயிற்று வாங்க. புள்ளைகளுக்கு நான் கோவத்தில கதைச்சிட்டன் எண்டு சொல்லுங்க... சுகமாப் போய்ச் சேருங்க... ஹலோ?... என்ன?"

அந்தப் பக்கம் பாஸ்டர் கத்தினார். வதனி போனை இறுக்கிக் காதோடு அழுத்தினாள்.

"என்ன? குடுக்கல்லையா?... பாஸ்டர், திருப்பிச் சொல்லுங்க... ஆரு, எங்கட இவரா?... கை நீட்டிக் கேட்டும் குடுக்கல்லையா?... என்ன சொன்ன? அவர் என்ன சொன்ன எண்டு அப்பிடியே சொல்லுங்க, சீனி போடாமச் சொல்லுங்க... 'வலை வரட்டும், பை வரும்'... அவர் வாயாலயா? சிரிச்சுக்கொண்டா சொன்ன?... ஓம், அவர் எதயும் சிரிச்சுக்கொண்டுதான் சொல்வார்... மறுகா என்ன நடந்த?... டெக்லனா? அவனே வந்து பின்னால ஏறிக்கொண்டானா? ஆரும் சொல்லாமலா?... ஈரக் காற்சட்டையோடயா!... இறங்கு எண்டு நீங்க சொல்லியும் இறங்கல்லையா?... அப்ப அவன் நல்லா வளத்த புள்ளை பாஸ்டர்... வெளிக்கிட்டாங்களா? ரெண்டு பேரும்? பையோடயா?"

வதனியின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை. சிரிப்பும் கூடவே வந்தது. இவ்வளவு நேரமும் அந்த மனிசனைப் பற்றி மனதுக்குள் ஏசியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுக்க நேரம் போதாமல் இருந்தது.

"கத்தாதீங்க பாஸ்டர், அவருக்குக் கேக்காது, சைலன்சர் உடைஞ்ச சைக்கிள்... திரும்பிப் பாத்தாரா?... பாத்து என்ன செய்த?... கை காட்டினாரா?" வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க வாழ்த்துறீங்க எண்டு நினைச்சிரிப்பார் பாஸ்டர்... சரி, சரி, சிரிக்கல்ல. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. புள்ளைகள வேன்ல ஏத்துங்க. உடுப்பு மாத்த வேணாம். அப்பிடியே வாங்க. ட்ரைவரிட்டச் சொல்லி வேனக் கிறுக்கி இஞ்சால திருப்புங்க. பதினொரு மணிக்கு இஞ்ச நிண்டா, ரெண்டு மணிக்குள்ள எடுக்கலாம். பதினொரு தோணி கரையில நிக்குது, தோணிக்கு ஒராள். அறுத்த இடத்தக் காட்டட்டும், எங்கட ஆக்கள் இறங்கித் தூக்குவாங்க. பையக் குடுத்து, சோறும் குடுத்து, நான் அனுப்பி வைக்கிறன், பிளேன் உங்கள விட்டிற்றுப் போகாது... முதலையா? நேத்து பிளாஸ்டிக் படகில போகக்குள்ள முதலை லீவில நிண்டதா?... ஓம், வேன் சத்தம் கேக்குது. ஏறுங்க, ஏறுங்க."

அவள் வெளியே வந்தாள். கரையில் தோணிகளின் பக்கத்தில் வலை தொலைந்த மற்ற வீட்டு ஆட்கள் கூடி நின்று அவளைப் பார்த்தார்கள். அவள் கையை உயர்த்தி, வருகிறார்கள் என்று காட்டினாள். அவர்கள் உடனே துடுப்புகளை எடுக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் கலங்கி, மண் நிறத்தில் கரையோடு ஏறிக் கிடந்தது.

"இன்னும் ஒண்டு பாஸ்டர்... இல்ல, வைக்காதீங்க, ஒரு சொல்லு. நீங்களும் இறங்கோணும்... தோணியில இல்ல, தண்ணிக்குள்ள. கரையில நிண்டு வீடியோ எடுக்கிற இல்ல இந்த முறை... நீந்தத் தெரியாதா?... தெரியாட்டி என்ன, நெஞ்சளவு தண்ணிதான். எங்கள ஒவ்வொருத்தரா அந்த ஆத்துக்குள்ளதானே முக்கி எடுத்து ஞானஸ்நானம் தந்த நீங்க. நான் நடுங்கிக்கொண்டு நிண்டன், நினைவிரிக்கா? என்ன சொல்லி முக்கின?... பயப்படாத, நான் பிடிச்சிரிக்கன் எண்டு... ஓம். அதத்தான் இப்ப நானும் சொல்றன். பயப்படாதீங்க பாஸ்டர். நாங்க பிடிச்சுக்கொள்றம்."

வதனி போனை வைத்தாள்.